டாஸ் காருக்கு வாங்கிய ஃபைபர்கிளாஸ் முன் பம்பர் பொருந்தவில்லை, வெட்டிச் சரி செய்யலாமா?

டாஸ்_130, சாட்ஸ்வொர்த்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு வண்டி 2003 டொயோட்டா டாஸ் 130. அப்பா டர்பன் புரோஸ்பெக்டனில் இருக்கிற டொயோட்டா ஆலையில் வேலை பார்த்த காலத்தில் எடுத்தது, அந்த ஆலையிலேயே செய்த வண்டி, அதனால் விற்கிற பேச்சே கிடையாது. போன வருஷம் கேட் தூணில் இடித்து முன் பம்பர் இரண்டாகப் பிளந்துவிட்டது. ஸ்கிராப்யார்டுகளில் தேடினால் கிடைப்பதெல்லாம் வெயிலில் வெளுத்து, மாட்டுகிற காது உடைந்தவை. கடைசியில் இணையத்தில் ஒருவரிடம் ஃபைபர்கிளாஸ் பம்பர் ஒன்று வாங்கினேன். நடுவில் அகலமான வாய், கீழே முன்னால் நீண்ட உதடு, படத்தில் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

கையில் வந்ததை மாட்டிப் பார்த்தால் மனசு விட்டுப் போச்சு. பானெட்டுக்கும் பம்பருக்கும் நடுவில் வலது பக்கம் 5 மில்லிமீட்டர் இடைவெளி, இடது பக்கம் 18. இரண்டு ஓரமும் ஃபெண்டரோடு ஒட்டாமல் ஒரு விரல் அளவுக்கு வெளியே விரிந்து நிற்கிறது. போல்ட் போடும் துளை எதுவும் இல்லை. நடு வாய்க்குக் கிரில்லும் கிடையாது, வெறும் ஓட்டை. அதை இன்னும் இரண்டு பக்கமும் கொஞ்சம் அகலப்படுத்தி உள்ளே வலை வைக்க வேண்டும் என்று ஆசை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் நார் நாராக இருக்கிறது, சில இடங்களில் வெள்ளைத் திட்டு.

பக்கத்தில் கார் பாடி வேலை செய்கிற பேனல் பீட்டர் ஒருவரிடம் காட்டினேன். "இடைவெளியைப் பட்டி போட்டு நிரப்பி பெயிண்ட் அடித்துத் தருகிறேன்" என்றார். அது நிற்குமா? இல்லை, இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வழி பார்ப்பதா? சொந்தமாகச் செய்ய நேரம் இருக்கிறது, கிரைண்டர் ஓட்டத் தெரியும், ஆனால் ரெசினைத் தொட்டதே இல்லை. இன்னொன்று, எங்கள் வீட்டு டிரைவ்வே ரொம்பச் செங்குத்து, பழைய பம்பரே எப்போதாவது உரசும். இந்த உதடு தாங்குமா தெரியவில்லை.


ஸ்கீபோட்_மாமா, பிளஃப்

தம்பி, நான் இருபத்திரண்டு வருஷம் ஸ்கீபோட் கட்டுகிற பட்டறையில் இருந்தவன். கடற்கரையிலிருந்து அலையை எதிர்த்துத் தள்ளி இறக்குகிற படகு அது, அடி தாங்காத வேலை அங்கே செல்லாது. பம்பருக்கும் படகுக்கும் சரக்கு ஒன்றுதான்: கண்ணாடி நார், பாலியெஸ்டர் ரெசின், மேலே ஜெல்கோட் என்கிற வழவழப்பான பூச்சு. அதனால் பொறுமையாகப் படி.

முதலில் அந்த வெள்ளைத் திட்டு. ரெசின் ஊறாத நார்தான் வெள்ளையாகத் தெரியும். உருளை போட்டுக் காற்றை வெளியே தள்ளாமல் அவசரத்தில் விட்டிருக்கிறார்கள். ஐந்து ரேண்ட் காசு ஒன்றை எடுத்து, முன்பக்கம் முழுக்க ஒரு விரல் கடை விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே போ. நல்ல இடம் "டக் டக்" என்று கணீரென்று கேட்கும். உள்ளே காற்று தங்கின இடம் "தொப்" என்று மந்தமாகக் கேட்கும். அந்த இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டம் போடு. அங்கே இங்கே நாலைந்து வட்டம் என்றால் சரி செய்யலாம். வளைவு, மூலை எல்லாம் வட்டமாகவே இருந்தால் திருப்பிக் கொடு, அதில் உழைப்பைக் கொட்டாதே.

இரண்டாவது, ஓரம் விரிந்து நிற்பது. பாலியெஸ்டர் இறுகும்போது சுருங்கும். முழுசாக இறுகுவதற்கு முன்னாலேயே அச்சிலிருந்து கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தால், சாய்ந்த வடிவத்திலேயே இறுகிவிடும். விலை குறைந்த பம்பர்களில் பாதி இப்படித்தான் கோணுகிறது. இதைத் திருத்த முடியும். அழுக்கு கழுவி, காரில் ஏற்றி, ஓரங்களைச் சரியான இடத்துக்கு இழுத்து மரக்கட்டையும் கிளாம்ப்பும் வைத்துக் கட்டி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காரை நிறுத்து. டர்பன் வெயிலுக்கு அதுவே கொஞ்சம் வழிக்கு வரும். போதவில்லை என்றால் ஹீட் கன், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை வைக்க முடியாத அளவு சூடு வந்தால் போதும். ஒரே இடத்தில் காட்டினால் ஜெல்கோட் கொப்புளித்துவிடும். வளைத்த பிறகு ஆறும்வரை கிளாம்ப்பை எடுக்காதே, சூட்டோடு எடுத்தால் பழையபடி விரியும்.

அதற்கும் வழிக்கு வராவிட்டால் உள்பக்கம் மடிந்து நிற்கிற விளிம்பைப் பார். பம்பருக்கு முறுக்கு கொடுப்பதே அந்த விளிம்புதான். அதை மட்டும் இரும்பு வாளால் 50 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டு போட்டால் முன்முகம் இளகும். சரியான இடத்துக்கு இழுத்துக் கட்டிவிட்டு, வெட்டின இடங்களைப் பின்னாலிருந்து புது மேட், அதாவது கண்ணாடி நார்ப் பாய், ரெசினோடு வைத்து மூடு. முன்முகத்தில் கை வைக்கவே வேண்டாம்.

ஆனால் இதையெல்லாம் தொடுவதற்கு முன்னால் ஒன்று செய். 5க்கு 18 என்கிறாய். பம்பர் கோணினால் இரண்டு ஓரமும் விரியும், சரி, ஒரு பக்கம் மட்டும் 13 மில்லிமீட்டர் இறங்குவது எனக்கு உறுத்துகிறது. தூணில் இடித்தது எந்தப் பக்கம்? இடது பக்கம் என்றால் வண்டியின் பிராக்கெட்டே வளைந்திருக்கலாம். அந்தப் பழைய உடைந்த பம்பரைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? இரண்டு துண்டையும் அதனதன் இடத்தில் வைத்துப் பார். அதுவும் இடது பக்கம் இறங்கினால் கோளாறு வண்டியில். வண்டியை நேராக்காமல் பம்பரை வெட்டினால், ஒரு கோணலுக்கு இன்னொரு கோணல் செய்து வைத்ததாக ஆகிவிடும்.


பீனிக்ஸ்_பெயிண்ட், பீனிக்ஸ்

பட்டி விஷயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். பெயிண்ட் பூத்தில் பதினைந்து வருஷமாக நிற்கிறேன், பிளந்து வருகிற பம்பர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். பட்டி என்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர் பள்ளத்தைச் சமம் செய்ய. 13 மில்லிமீட்டர் இடைவெளியைப் பட்டியால் நிரப்பினால், ஃபைபர்கிளாஸ் அதிர அதிர முதல் குளிர்காலத்துக்குள் கோடு விழும், அடுத்து ஒரு கட்டியாகவே பெயர்ந்து வரும். யார் செய்து கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நிரப்ப வேண்டிய இடத்தை மேட்டும் ரெசினும் வைத்துத்தான் கட்ட வேண்டும். பட்டி கடைசியில், மெல்லிசாக.

அடுத்தது மெழுகு. அச்சிலிருந்து கழன்று வர மெழுகோ பி.வி.ஏ. பூச்சோ போட்டிருப்பார்கள், அது ஜெல்கோட்டின் மேல் ஒட்டிக்கொண்டே வரும். நிறைய பேர் பார்சலைப் பிரித்ததும் உப்புத்தாளை எடுத்துவிடுகிறார்கள். அப்படித் தேய்த்தால் மெழுகு கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பெயிண்ட் அடிக்கும்போது மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகி நிற்கும். முதலில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள், பி.வி.ஏ. தண்ணீரில் போய்விடும். காய்ந்ததும் மெழுகு நீக்கும் திரவத்தைத் துணியில் நனைத்து ஒரு துடைப்பு, ஈரம் காய்வதற்குள் வேறு சுத்தமான துணியால் இன்னொரு துடைப்பு. அதே துணியைத் திருப்பித் திருப்பிப் போட்டால் மெழுகை இடம் மாற்றுவதோடு சரி.

அப்புறம் ஊசித் துளை. ஜெல்கோட்டை 180 நம்பர் உப்புத்தாளால் தேய்த்ததும் சின்னச் சின்னத் துளைகள் வாய் திறக்கும். அதற்கு மேல் பிரைமர் அடித்தால் மூடிவிட்டது போலத் தெரியும், ஆனால் கார் வெயிலில் நின்று உள்ளே இருக்கும் காற்று விரிந்ததும் ஒவ்வொரு துளையும் கொப்புளமாக எழும்பும். ஆகவே பெயிண்டுக்கு முன்பே பம்பரை வெயிலில் போட்டு, கிளம்புவது கிளம்பட்டும் என்று விட்டுவிடுங்கள். எழும்பினதைக் குத்தித் திறந்து, மெல்லிய பட்டியை ரேஸர் பிளேடால் அழுத்தித் தேய்த்து அடையுங்கள். மேலே தடவினால் போதாது, உள்ளே போக வேண்டும்.

இன்னொன்று, நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். பட்டி தண்ணீரை உறிஞ்சும், அதனால் பட்டியை ஒருநாளும் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள், உலர்வாகவே தேயுங்கள். மழை வந்து ஓய்ந்த நாளில் பிரைமர் வேண்டாம். இரண்டு பாகம் கலந்து அடிக்கிற டூ-கே எபாக்ஸி பிரைமர் முதலில், அதற்கு மேல் நிரப்பும் பிரைமர், அதன் மேல் கறுப்புப் பொடியோ மெல்லிய கறுப்பு ஸ்பிரேயோ தூவி 400 தாளில் தேய்த்தால் பள்ளமான இடம் கறுப்பாகவே நின்று தானே காட்டிக்கொடுக்கும். கடைசியில் 600, அப்புறம் நிறம்.

பெயிண்டில் ஃபிளெக்ஸ் மருந்து கலந்தால் விரிசல் விடாது என்று சொல்வார்கள். ஒரிஜினல் பிளாஸ்டிக் பம்பருக்கு அது சரி, அது வளையும். ஃபைபர்கிளாஸ் வளையாது, ஓரளவுக்கு மேல் போனால் வெடிக்கும். கீழே இருக்கும் ஜெல்கோட் வெடித்தால் மேலே எந்தப் பெயிண்ட் இருந்தும் பிரயோஜனம் இல்லை.


லெனேசியா_கடெட், லெனேசியா

எனக்கு வேறு அபிப்பிராயம். அந்த உடைந்த ஒரிஜினல் பம்பரையே ஏன் ஒட்டக் கூடாது? அது பிளாஸ்டிக், லேசாக இடித்தாலும் அமுங்கித் திரும்பி வரும். ஃபைபர்கிளாஸை நான் என் பழைய ஓப்பல் கடெட் காரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், ஷாப்பிங் சென்டரில் ஒரு தள்ளுவண்டி இடித்ததற்கே மூலை நொறுங்கியது.

ஆனால் ஒரிஜினலை ஒட்டுகிறேன் என்று பாலியெஸ்டர் ரெசினைப் பூசாதீர்கள். பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் ரெசின் பிடிக்காது, காய்ந்த பிறகு நகத்தால் தூக்கினால் தோல் மாதிரி உரிந்து வரும். பம்பரின் உள்பக்கம் PP என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதே பிளாஸ்டிக் கம்பி வைத்து வெல்டிங்தான் வழி.

ஃபைபர்கிளாஸ்தான் என்று முடிவெடுத்தால், ரெசினை இறுக வைக்கிற ஹார்டனர் அளவில் கவனம். நான் செய்த தப்பு இது. ஜூலை மாதக் குளிர்காலம், எங்கள் கராஜ் ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது, டர்பனில் ஒரு நண்பர் சொன்ன அளவை அப்படியே போட்டேன். ஒரு சதவீதம். மறுநாள் காலையில் தொட்டால் விரல் ஒட்டுகிறது, ஒரு வாரம் கழித்தும் ஒட்டுகிறது. எல்லாவற்றையும் சுரண்டி அசிட்டோனால் துடைத்துத் திரும்பச் செய்தேன். ரெசின் எடைக்கு ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் என்பதுதான் கணக்கு, அதாவது 500 கிராம் ரெசினுக்கு 5லிருந்து 10 கிராம். உங்கள் ஊர் பிப்ரவரிக்கு ஒன்று போதும், எங்கள் ஊர் ஜூலைக்கு இரண்டு போட்டாலும் அறையைச் சூடு பண்ண வேண்டும், 15 டிகிரிக்குக் கீழே செய்யவே கூடாது. சீக்கிரம் இறுகட்டும் என்று மூன்று, நான்கு என்று ஏற்றினாலும் கெடுதல், மொறுமொறுப்பாகிவிடும். சமையலறைத் தராசு ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், மூடியால் அளக்க வேண்டாம்.


டாஸ்_130

மாமா, நீங்கள் சொன்னதுதான். பழைய துண்டு இரண்டும் கராஜ் பின்னால் கிடந்தது. வைத்துப் பார்த்தேன், அதுவும் இடது பக்கம் இறங்குகிறது. பம்பருக்குப் பின்னால் போகும் இரும்புப் பட்டையின் இடது பிராக்கெட் தூணில் இடித்ததில் வளைந்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, பிராக்கெட்டை வைஸில் பிடித்து நேராக்கி மாட்டினேன், இப்போது வலது 5, இடது 7. இத்தனை மாசமாக வண்டி கோணலாகவே ஓடியிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை.

காசு வைத்துத் தட்டினேன். மொத்தம் ஆறு வட்டம், நாலு கீழ் உதட்டில், இரண்டு வலது மூலையில். அதனால் வைத்துக்கொள்கிறேன். லெனேசியா அண்ணா, நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் பழையதில் காது, கிளிப் எல்லாமே போய்விட்டது, அப்பாவும் இந்த முகம் பிடித்திருக்கிறது என்கிறார்.

இப்போது கேள்வி: வெட்டின இடத்துக்குப் பாலியெஸ்டரா எபாக்ஸியா? வாயை அகலப்படுத்த எப்படி வெட்டுவது? போல்ட் போட என்ன செய்வது?


ஸ்கீபோட்_மாமா

நல்லது தம்பி, பிராக்கெட் கிடைத்ததே பாதி வேலை முடிந்த மாதிரி.

எபாக்ஸி பழைய பாலியெஸ்டர் மேல் நன்றாகப் பிடிக்கும், பலமும் கூட. ஆனால் இரண்டு விஷயம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற வெட்டு நார் மேட்டில் நார்களைப் பிடித்து வைக்கிற பசை பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீனில் கரையும், அப்போதுதான் மேட் துணி மாதிரி தளர்ந்து மூலையில் படியும். எபாக்ஸியில் ஸ்டைரீன் கிடையாது, பசை கரையாது, மேட் விறைப்பாகவே நிற்கும். எபாக்ஸி என்றால் நெய்த துணி வாங்கு. இன்னொன்று, எபாக்ஸி மேல் பிற்பாடு பாலியெஸ்டரோ ஜெல்கோட்டோ போட்டால் சரியாக இறுகாமல் போகலாம். முதல் தடவை செய்கிறவனுக்கு நான் பாலியெஸ்டரும் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டும்தான் சொல்வேன். மன்னிக்கும் சரக்கு அது.

ஒட்டுகிற இடத்தைத் தயார் பண்ணுவதில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய ரெசின் இறுகிவிட்டது, புது ரெசின் அதோடு கலக்காது, கீறலில் பிடித்துக்கொண்டு நிற்பதுதான். ஆகவே பின்பக்கம் 40 அல்லது 60 தாளால் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேய். விரிசலோ வெட்டோ இருந்தால் ஓரத்தைச் சரிவாக இழை, தடிமனைப் போல பன்னிரண்டு மடங்கு அகலத்துக்கு. இரண்டரை மில்லிமீட்டர் தடிமன் என்றால் 30 மில்லிமீட்டர் சரிவு. நேர் வெட்டை நேர் வெட்டோடு ஒட்டினால் அந்தக் கோட்டிலேயே திரும்பப் பிளக்கும்.

450 மேட் ஒரு அடுக்கு ரெசின் ஊறினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரும். மேட்டின் எடைக்கு இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் போகும். கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் பிய்த்து எடு, பிய்த்த ஓரம் நார் நாராக இருப்பதால் அடுத்த துண்டோடு மேடு தெரியாமல் கலக்கும். முதலில் பழைய மேற்பரப்பில் ரெசினைத் தடவு, மேட்டை வை, தூரிகையால் குத்திக் குத்தி ஊற வை. இழுக்காதே, இழுத்தால் நார் கூடவே வரும். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி தெளிந்தால் ஊறியது என்று அர்த்தம். நீ பார்த்த அந்த வெள்ளைத் திட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு இப்படியே நிரப்பு. காற்றுபட்ட மேல்பக்கம் கொஞ்சம் பிசுபிசுப்பாகவே நிற்கும், அது இந்த ரெசினின் இயல்பு, பயப்படாதே. இன்னொரு அடுக்கு வைக்க அந்தப் பிசுபிசுப்பே நல்லது. எல்லாம் முடிந்த பிறகு அசிட்டோனால் துடை.

போல்ட்டுக்கு: துளை போடுகிற இடத்தில் மட்டும் நாலைந்து அடுக்கு வைத்துத் தடிமன் பண்ணு, நடுவில் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒன்றை உப்புத்தாளால் தேய்த்துப் புதைத்தால் இன்னும் நல்லது. 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் துளை போடு, ரப்பர் வாஷர், அதற்கு மேல் அகல வாஷர். வெயிலில் விரிந்து குளிரில் சுருங்க இடம் வேண்டும். இறுக்கமாகப் பிடித்தால் துளையைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடும். ஓரங்களை முதலில் மாட்டு, நடுவைக் கடைசியில்.

ஜாக்கிரதை பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வை போகலாம், கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதே. பட்டால் உடனே தண்ணீரில் பதினைந்து நிமிஷமாவது கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடு. ரெசினில் சேர்க்கும் கோபால்ட் மருந்தைத் தனியாக வாங்கியிருந்தால் அதையும் ஹார்டனரையும் நேரடியாக ஒருநாளும் கலக்கக் கூடாது, வெடிக்கும். கலந்து மிஞ்சின ரெசினைக் கோப்பையில் விட்டுவிட்டுப் போகாதே, தானே சூடேறிப் புகைந்து தீப்பிடிக்கும், எங்கள் பட்டறையில் குப்பைத் தொட்டி ஒன்று அப்படித்தான் எரிந்தது. ஸ்டைரீன் வாடைக்குத் துணி முகமூடி பிரயோஜனம் இல்லை, கரிம ஆவிக்கு என்று இருக்கும் ஃபில்டர் வைத்த மாஸ்க் போடு. கிரைண்டர் தூசி தோலில் பட்டால் வெந்நீரில் குளிக்காதே. முதலில் பச்சைத் தண்ணீர்.


மாரிட்ஸ்பர்க்_கொரோலா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வாய் வெட்டுவது பற்றி நான் சொல்கிறேன், என் கொரோலாவுக்கு இரண்டு தடவை செய்திருக்கிறேன். வெட்டப் போகிற கோட்டின் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், ஜெல்கோட் சில்லு சில்லாகப் பெயராது. நாலு மூலையிலும் முதலில் 10 மில்லிமீட்டர் துளை போட்டுவிட்டு, துளையிலிருந்து துளைக்கு மெல்லிய டிஸ்க்கால் வெட்டுங்கள். மூலை கூர்மையாக இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும், வட்டமாக இருந்தால் கிளம்பாது. முகப்புப் பக்கத்திலிருந்து வெட்டுங்கள், கோட்டுக்கு 2 மில்லிமீட்டர் உள்ளே வெட்டி மிச்சத்தை உப்புத்தாளால் கொண்டுவாருங்கள். வெட்டியதும் பம்பர் தொளதொளவென்று ஆகும், ஏனென்றால் உள்விளிம்பு போய்விட்டது. பின்பக்கத்துக்கு அட்டைப்பெட்டியில் ஒரு நீளத் துண்டு வெட்டி, பாக்கிங் டேப் சுற்றி, விளிம்புக்கு 25 மில்லிமீட்டர் அகலத்தில் சட்டம் மாதிரி ஒட்டி, அதன் மேல் இரண்டு அடுக்கு மேட் வையுங்கள். இறுகியதும் அட்டை கழன்று வந்துவிடும், விளிம்பு நிற்கும். வலையைத் திருகுவதும் அந்த விளிம்பில்தான்.

வலைக்கு இழுத்து விரித்த அலுமினிய வலை வாங்குங்கள். கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு இழையும் சாய்வாக இருப்பது தெரியும், ஜன்னல் ஷட்டர் மாதிரி. ஒரு பக்கம் திருப்பினால் எதிரே இருப்பது தெரியும், மறுபக்கம் திருப்பினால் மூடிக்கொள்ளும். தெரிகிற பக்கமாக, காற்று ரேடியேட்டருக்குப் போகிற மாதிரி வையுங்கள். நான் முதல் தடவை அழகுக்கு என்று சின்னக் கண் வலையை மூடிய பக்கமாக வைத்தேன், பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது பாதி மலையில் சூட்டு முள் நடுவைத் தாண்டிவிட்டது. வலையைத் திருப்பி வைத்தேன், அதே மலை, அதே வெயில், முள் அசையவில்லை. அலுமினிய வலைக்கு ஸ்டெயின்லெஸ் திருகு போட்டால் நடுவில் நைலான் வாஷர் வையுங்கள், கடல் உப்புக் காற்றில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும்.

அந்த நேராக்கின இரும்புப் பட்டையைத் தயவுசெய்து கழற்றி எறியாதீர்கள். புது பம்பர் உட்கார இடைஞ்சல் என்று நிறைய பேர் அதை எடுத்துவிடுகிறார்கள். ஃபைபர்கிளாஸ் தோல் மட்டும்தான், இடி தாங்குவது அந்தப் பட்டை. முட்டினால் பம்பரின் உள்பக்கத்தைத்தான் இழைக்க வேண்டும். நம்பர் பிளேட்டுக்கு முன்னால் ஓர் இடம் இப்போதே ஒதுக்குங்கள், முன்பிளேட் இல்லாமல் ஓட்ட முடியாது. அப்புறம் இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு இந்த மாற்றத்தை எழுத்தில் சொல்லிவிடுங்கள், நாளைக்கு ஒரு இடி என்றால் அதைக் காரணம் காட்டி மறுக்க இடம் கொடுக்க வேண்டாம்.

டிரைவ்வேக்கு: அட்டையை உதட்டின் வடிவத்துக்கு வெட்டி டேப்பால் ஒட்டி, பெயிண்ட் அடிக்கும் முன்னால் மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். அட்டை எங்கே மடிகிறதோ அதுவரை உதட்டை வெட்டிவிடுங்கள். நேராக ஏறாமல் கொஞ்சம் குறுக்காக ஏறினாலே பாதிப் பிரச்சினை தீரும்.


டாஸ்_130

ஐந்து வாரம் ஆச்சு, எப்படிப் போனது என்று எழுதுகிறேன். உதட்டை அட்டை வைத்துப் பார்த்ததில் நடுவில் 40 மில்லிமீட்டர் போக வேண்டியிருந்தது, வெட்டிவிட்டேன். காற்று தங்கின ஆறு வட்டத்தில் நாலு உதட்டில் இருந்ததா, அதில் மூன்று அந்த வெட்டோடே போயின. ஓரங்கள் வெயிலுக்கு முக்கால்வாசி வந்தன, வலது பக்கத்துக்கு மட்டும் விளிம்பை நாலு இடத்தில் வெட்டி மூட வேண்டியிருந்தது. முதல் நாள் கலந்த ரெசின் ரொம்பச் சீக்கிரம் இறுகித் தூரிகையோடு கல்லாகிவிட்டது, மத்தியான வெயிலில் செய்தது தப்பு. அப்புறம் காலை ஆறு மணிக்கு எழுந்து, ஒரு சதவீதம் போட்டு, 200 கிராம் 200 கிராமாகக் கலந்தேன், கை பதறாமல் செய்ய முடிந்தது.

அட்டைச் சட்டம் அருமையான யோசனை மாரிட்ஸ்பர்க் அண்ணா. இறுகியதும் அட்டையை இழுத்தால் பளபளவென்று விளிம்பு நிற்கிறது, அப்பா அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வலையைத் திறந்த பக்கமாக வைத்து, போன ஞாயிறு ஃபீல்ட்ஸ் ஹில் ஏறினோம், முள் நடுவுக்குக் கீழேயே நின்றது.

இப்போது நிரப்பும் பிரைமர் வரை வந்திருக்கிறது. பீனிக்ஸ் அக்கா, ஒரு சந்தேகம். கறுப்பு தூவித் தேய்த்ததில் வலது மூலையில், அந்த இரண்டு வட்டம் இருந்த இடத்தில், நகம் அளவுக்கு ஒரு பள்ளம் தெரிகிறது. நிரப்பும் பிரைமரையே இன்னும் இரண்டு கோட் அடித்தால் வருமா, இல்லை பட்டியா?


பீனிக்ஸ்_பெயிண்ட்

நகம் மாட்டுகிற பள்ளம் என்றால் பிரைமரால் வராது, தடியாக அடித்தால் பிற்பாடு சுருங்கிக் காட்டிக்கொடுக்கும். பட்டிதான். ஆனால் அதற்கு முன்னால் அந்த இடத்தில் காசை வைத்து இன்னொரு தடவை தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால், பிரைமரை 180ல் தேய்த்து மெல்லிய பட்டி, உலர்வாகத் தேய்த்து அந்த இடத்துக்கு மட்டும் பிரைமர். தொப்பென்று கேட்டால் திறந்துவிடுங்கள், நிறம் ஏறிய பிறகு திறப்பதைவிட இப்போது திறப்பது ஒரு மணி நேர வேலை. முடிந்ததும் படம் போடுங்கள், அப்பா வண்டி பக்கத்தில் நிற்கிற மாதிரி.